பயணியர் பட்டியலில் இல்லாத மாலுமி முன்னோரைத் தேடிப் பிடித்த வழி

பிரிட்டிஷ் கப்பலில் வேலை பார்த்தபடியே ஆஸ்திரேலியா வந்து இறங்கியவரைப் பயணியர் பட்டியலில் தேடுவது பெரும்பாலும் வீண். அவர் சம்பளத்துக்கு வந்தவர். ஆளை விட்டுக் கப்பலைத் தேடத் தொடங்கியதும்தான் எனக்கு வழி திறந்தது.

குடியுரிமை விண்ணப்பம் கிடைத்தால் அதில் கப்பல் பெயரும் வந்த ஆண்டும் இருக்கலாம். ஆண்டு நினைவிலிருந்து சொன்னது. முன்பின் மூன்று ஆண்டுகள் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளம். இலவசம். பழைய நாளிதழ்களின் கப்பல் வரவுப் பத்தியில் கப்பல், டன், கேப்டன், புறப்பட்ட துறைமுகம் எல்லாம் வரும். மங்கிய அச்சை இயந்திரம் தப்பாகப் படிப்பதால் கப்பல் பெயர் சிக்காமல் போகும். கேப்டன் பெயரையும் துறைமுகத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. பிரிட்டிஷ் பதிவு எண்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். அதைக் குறிக்காமல் மேலே போகவே வேண்டாம்.

அந்த எண்ணைக் கொண்டு பணியாளர் பட்டியலைக் கேளுங்கள். 1863 முதல் 1938 வரையிலானவற்றில் சுமார் 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. 1865, 1875 என 5இல் முடியும் ஆண்டுகளுக்குக் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம்.

பட்டியலில் வயது, பிறந்த ஊர், முந்தைய கப்பல், விலகிய இடம் இருக்கும். 'தப்பியோடினார்' என்ற குறிப்பு இருந்தால், கரையில் அவர் வேறு பெயரில் வாழ்ந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது பெயரை விட வயதும் பிறந்த ஊரும் பொருந்துவதே வலுவான சான்று.