ஏற்காட்டுக்கு எடுத்துப் போக ஒரு பைனாகுலர்: முதன்முதலாக வாங்குபவர்களுக்கு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டில் பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில் நான் வாங்கியது 10×50. ஏறக்குறைய ஒரு கிலோ கனம். சேர்வராயன் கோயில் போய்த் திரும்புவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாவது மழைக்காலத்தில் லென்ஸுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. உங்கள் பணமும் அப்படிப் போகக் கூடாது.

முதலில் எண்களைப் படியுங்கள். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகத் தெரியும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இப்போது 42ஐ 8ஆல் வகுங்கள்: 5.25. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் இத்தனை மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்பாவை 2, 3 மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். காப்பித் தோட்டத்துக்குள், சில்வர் ஓக் நிழலில், விடிகாலை மூட்டத்தில் அது நன்றாக விரியும். அந்த நேரத்தில் இந்த எண் 4க்குக் குறைந்தால் பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரியும். 10×25 சட்டைப்பையில் அடங்கும், ஆனால் வகுத்தால் 2.5தான். மலைக்கு அது வேண்டாம்.

10 மடங்கு வாங்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேடு ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கமும் பத்து மடங்காகும். தெரியும் பரப்பும் பெரும்பாலும் சுருங்கிவிடும். கிளைக்குக் கிளை தாவும் செம்மீசைச் சின்னானைப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். தொடங்குபவர்களுக்கு 8 மடங்குதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது எடை. 8×42 வகைகள் பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் இருக்கும், 8×32 வகைகள் 450 முதல் 600 கிராம். நாள் முழுக்க நடப்பவர்களும் குழந்தைகளும் 8×32 எடுக்கலாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக இரு தோளிலும் மாட்டும் பட்டை வாங்கினால் பாரம் பாதியானது போல இருக்கும்.

கருவி நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் ஏற்காட்டில் முதல் எதிரி ஈரம். கீழே சேலத்தின் புழுக்கத்தில் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக்காற்று, மேலே குளிரில் லென்ஸின் உட்பக்கத்தில் நீராகப் படியும். வெளிப்பக்கம் படிந்தால் துடைக்கலாம், உள்ளே படிந்ததை என்ன செய்வது? அதனால்தான் நல்ல கருவிகளில் காற்றை நீக்கி, ஈரமில்லாத நைட்ரஜனை நிரப்பி மூடுகிறார்கள். பெட்டியில் ‘நைட்ரஜன்’ என்ற சொல்லையும், ஐ.பி.எக்ஸ்.7 போன்ற குறியையும் தேடுங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பது அந்தக் குறியின் பொருள். ‘நீர்த்துளி தாங்கும்’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது.

பைனாகுலருக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடித் துண்டுதான் பிரிசம். நேர்க்குழாய் வடிவில் இருப்பவை ரூஃப் பிரிசம் வகை. ஃபோகஸ் நகர்வு பெரும்பாலும் உள்ளேயே நடப்பதால் அடைத்து மூடுவது எளிது. தோள் அகன்ற பழைய வடிவம் போரோ. அதே விலைக்குப் படம் தெளிவாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் இரு குழாய்களின் நேர்கோடு சீக்கிரம் குலையும். மலைப் பாதைக்கு நான் ரூஃப் வகையைத்தான் சொல்வேன். உடலின் மேல் ரப்பர் உறை இருக்கட்டும்.

கடையில் கூச்சப்படாமல் சோதியுங்கள். கருவியைக் கை நீளத்துக்குத் தள்ளி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், கண்வில்லையில், அதாவது நாம் கண் வைக்கும் பக்கத்து லென்ஸில், இரண்டு ஒளி வட்டங்கள் தெரியும். வட்டம் ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போல இருந்தால் உள்ளிருக்கும் பிரிசம் மட்டமானது. பிறகு வாசலுக்கு வந்து தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ திருப்பிக் கொடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்க வேண்டும். முழுப் படமும் தெரியக் கண்ணைக் கண்வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதுதான் ‘ஐ ரிலீஃப்’. அது 15 மி.மீ.க்கு மேல் இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பின் வலக்கண்ணால் மட்டும் பார்த்து, வலது கண்வில்லையில் உள்ள வளையத்தைத் திருப்புங்கள். பெரும்பாலான கருவிகளில் இதுதான் முறை. அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை நடுச் சக்கரம் மட்டும் போதும்.

மலையிலிருந்து இறங்கியதும் தோல் உறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள். ஓர் இரவு மின்விசிறிக் காற்றில் திறந்து வைத்துவிட்டு, மறுநாள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் போடுங்கள்.