பயந்து நடுங்குற நாய வீட்லயே எப்படி அமைதிப்படுத்துறது

இடி இடிக்க ஆரம்பிச்சா எங்க நாய் நேரா பாத்ரூமுக்குள்ள ஓடி பக்கெட்டுக்குப் பின்னாடி மூலைல தலைய சொருகிக்கும், நான் என்ன பண்ணுவேன்னா காலர புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து ஹால்ல உக்கார வைப்பேன், அது திரும்ப ஓடும், நான் திரும்ப இழுப்பேன். ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சது, அது தன் வைத்தியத்த தானே கண்டுபுடிச்சு வச்சிருக்கு, நான்தான் கெடுத்துட்டு இருக்கேன்னு. சின்ன இடம், இருட்டு, வெளிய இருந்து வர்ற சத்தம் கம்மி, வேற என்ன வேணும் அதுக்கு.

அதனால எண்ணெய் மூலிகைன்னு தேடுறதுக்கு முன்னாடி உங்க நாய் பயந்தா எங்க போய் ஒளியுதுன்னு பாருங்க. அந்த இடத்துல பழைய போர்வை, நீங்க போட்டு கழட்டுன துவைக்காத டீ-ஷர்ட் ஒண்ணு, ஒரு கிண்ணம் தண்ணி வைங்க. கதவ மட்டும் சாத்திராதீங்க, வெளிய வர வழி இல்லன்னு தெரிஞ்சா பயம் ரெண்டு மடங்காகும், கதவ பிராண்டி நகத்த உடைச்சுக்குற நாயெல்லாம் உண்டு.

நடுங்க ஆரம்பிச்சப்புறம் எத செஞ்சாலும் லேட்டுதான். அதுக்கு முன்னாடியே சொல்லிரும், நமக்குதான் தெரியாது. தூக்கமே வராத நேரத்துல கொட்டாவி, சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்ட நக்குறது, கண் ஓரத்துல வெள்ள தெரியுற மாதிரி முழிக்கிறது, ஓடாம ஆடாம மூச்சிரைக்கிறது, இதெல்லாம் பாத்தா அப்பவே ஆரம்பிச்சிருங்க.

சத்தத்துக்குப் பயம்னா முதல்ல ஜன்னல் சாத்தி ஃபேன ஓடவிடுங்க. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு சுமார் 45,000 வரைக்கும், அதனால நமக்கு "ஒண்ணுமில்லையே" அதுக்கு ஒண்ணுமில்லாதது இல்ல. மெதுவா பாட்டு போடலாம். ஸ்காட்லாந்துல காப்பகத்துல இருந்த நாய்ங்கள வச்சு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் பண்ண ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, அதுல சாஃப்ட் ராக், ரெகேங்கிற ரெண்டு பாட்டு வகையும் நல்லா வேலை செஞ்சது தெரிஞ்சது, ஆனா ஒரே பாட்டையே ஓட்டிட்டு இருந்தா பழகிப் போயிரும், மாத்தி மாத்தி போடுங்க.

அடுத்து துணி சுத்துறது, எங்க வீட்ல நல்லா எடுபட்டது இதுதான். கொஞ்சம் இழுபடுற நீளமான துணி எடுத்து அதோட நடுப்பகுதிய நாயோட நெஞ்சுல வைங்க, ரெண்டு முனையையும் தோளுக்கு மேல கொண்டு போய் முதுகுல குறுக்கால மாத்துங்க, அப்புறம் முன்னங்காலுக்குப் பின்னாடி வயித்துக்கு அடியில எடுத்து திரும்ப மேல கொண்டு வந்து முடிச்சு போடுங்க. முடிச்சு முதுகெலும்பு மேல விழக்கூடாது, கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கணும். ரெண்டு விரல் உள்ள போற அளவு லூசு வேணும். சில நாய் உடனே படுத்துக்கும், சில நாய் சிலை மாதிரி ஆடாம நிக்கும், அப்படி நின்னா அது அமைதியாயிருச்சுன்னு நெனச்சிராதீங்க, புடிக்கலன்னு அர்த்தம், கழட்டிருங்க. சத்தம் எதுவும் இல்லாத நாள்லயும் அஞ்சு நிமிஷம் கட்டி ட்ரீட் குடுத்து பழக்குங்க, இல்லன்னா துணிய பாத்தாலே இடி வரப்போகுதுன்னு கணக்கு போட்டுரும். கட்டிவிட்டு தனியாவும் விடாதீங்க.

நக்குறது, மெல்லுறது, மோந்து பாக்குறது மூணுமே நாய தானா நிதானத்துக்கு கொண்டு வரும். ஒரு தட்டுல வேகவச்ச பூசணிய மசிச்சு தடவி ஃப்ரீசர்ல வச்சு குடுத்தா இருபது நிமிஷம் அதுலயே மூழ்கிரும். பீனட் பட்டர் தடவுறவங்க டப்பால சைலிட்டால்ங்கிற சர்க்கரைக்கு பதிலா போடுற இனிப்பு இருக்கான்னு படிச்சு பாத்துட்டு தடவுங்க, அது நாய்க்கு விஷம்.

"பயப்படும்போது தடவிக்குடுத்தா பயத்த ஊக்குவிக்கிற மாதிரி ஆயிரும்"னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. பயம் ஒரு உணர்ச்சி, நாய் வேணும்னு போடுற டிராமா இல்ல. பக்கத்துல வந்தா நெஞ்சுலயும் காதுக்கு அடியிலயும் நீளமா மெதுவா தடவுங்க, வரலன்னா விட்டுருங்க.

இப்ப எண்ணெய் கதைக்கு வரேன். லாவெண்டர் வாசனைல கார்ல போற நாய்ங்க கொஞ்சம் அடங்குனதா ஆராய்ச்சி உண்டுதான், ஆனா தோல்ல தேய்க்கிறது, உள்ளுக்கு குடுக்குறது ரெண்டும் வேண்டாம், டீ ட்ரீ எண்ணெய் பக்கமே போகாதீங்க. "இயற்கை"ன்னு பேரு இருந்தா பாதுகாப்புன்னு அர்த்தமில்ல, கெமோமில் செடிகூட நாய்க்கு ஆகாத லிஸ்ட்லதான் இருக்கு. மெலடோனின் (தூக்க ஹார்மோன்), சிபிடி (கஞ்சா செடில இருந்து எடுக்குறது), எல்-தியானின் (டீ இலைல இருக்குறது) இதெல்லாம் உங்க நாயோட எடையும் ஏற்கெனவே சாப்பிடுற மருந்தும் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டுட்டு மட்டும்.

தனியா விட்டுப் போனா ஊளையிடுற நாய்க்கு இதெல்லாம் பாதிதான் உதவும். அதுக்கு சாவிய எடுக்குறது, செருப்ப போடுறது, ஆனா போகாம திரும்ப உக்காருறது, அப்புறம் அரை நிமிஷம் வெளிய போயிட்டு வர்றது, ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு வாரக்கணக்குல நீட்டணும். பொறுமைய சோதிக்கும், வேற குறுக்கு வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இத்தன வருஷம் தைரியமா இருந்த நாய் திடீர்னு சத்தத்துக்கு மிரள ஆரம்பிச்சா மட்டும் வீட்டு வைத்தியம் பாத்துட்டு இருக்காதீங்க, மூட்டு வலி மாதிரி உள்ள ஏதோ வலிக்கிறதுகூட அப்படி காட்டும், டாக்டர் தொட்டு பாக்கட்டும்.