பாட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி பாட்டு ரெக்கார்ட் செய்ய வாங்கிய புது லேப்டாப்போடு வந்தான். கேமிங் மாடல், கீபோர்டில் கலர் கலராக விளக்கு. "அண்ணா, பத்து ட்ராக் தாண்டினாலே சவுண்ட் பட்பட்னு உடையுது" என்றான். ட்ராக் என்றால் ஒரே பாட்டில் தனித்தனியாகப் பதியும் ஒவ்வொரு குரலும் வாத்தியமும். முதல் லேப்டாப் வாங்கியபோது நானும் இப்படித்தான் விளக்கைப் பார்த்து வாங்கினேன். வைரஸ், பாஸ்வேர்டு எல்லாம் ஊருக்கே தெரியும், விடுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டு

பாட்டுக்கு அதனிடம் வேலை இல்லை.

8 ஜிபி ரேம்

போதாது. 16-ல் தொடங்குங்கள். சில லேப்டாப்களில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பஃபரை ஒரே அளவில் வைத்திருப்பது

கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக் கையாளும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். சின்னதாக வைத்தால் தாமதம் குறையும், ஆனால் கம்ப்யூட்டர் திணறிச் சத்தம் உடையும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21. மைக்கில் போய் ஹெட்போனுக்குத் திரும்பி வரும் மொத்தத் தாமதம் இதைவிடக் கூடுதல். பாடகர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி பாடும்போது குறைவாக வையுங்கள், மிக்ஸிங்கில் ஏற்றிவிடுங்கள். தம்பியின் பட்பட் சத்தம் பாதி இதிலேயே அடங்கியது.

ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி எடுப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அந்தத் தம்பியும் பென் டிரைவைக் காட்டி, "பேக்கப் இருக்குண்ணா" என்றான். உள்ளே இருந்தது சில நூறு கேபி.

ப்ராஜெக்ட் ஃபைலில் பாட்டு இல்லை. எந்த ஆடியோ எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, அதற்கு என்ன எஃபெக்ட் என்ற முகவரிப் பட்டியல்தான் இருக்கிறது. வீட்டை இடித்துவிட்டு முகவரியை வைத்து என்ன செய்ய?

நான் இடித்தேன். பதினோரு வயதுப் பையன் ஒருவன் பாடிய பக்திப் பாட்டு. ப்ராஜெக்ட் ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பழைய லேப்டாப்பை ஃபார்மட் அடித்து விற்றுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டு ஆள் வந்தார். திறந்தால் நாற்பது ட்ராக்கிலும் 'ஃபைல் இல்லை'. சரி, மறுபடி பாட வைக்கலாம் என்று போன் செய்தேன். மறுமுனையில் 'ஹலோ' என்றது கட்டைக் குரல். யாரோ பெரியவர் என்று நினைத்து, "தம்பி இருக்கானா?" என்று கேட்டேன். தம்பிதான் பேசியது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் ஒரு நிமிடம் ஒன்பது எம்பிகூட வராது. நான்கு நிமிடப் பாட்டுக்கு நாற்பது ட்ராக் என்றாலும் ஒன்றரை ஜிபிக்குள். அந்த இடத்தை மிச்சம் பிடித்துத்தான் இவ்வளவும்.

ரெக்கார்டிங் மென்பொருளிலேயே இதற்கு வழி உண்டு: ஏபிள்டனில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', க்யூபேஸில் 'பேக்கப் ப்ராஜெக்ட்' என்று இருக்கிறது. ரீப்பரில் 'சேவ் அஸ்' பெட்டியிலேயே மீடியாவையும் சேர்த்துக் காப்பி எடுக்க ஒரு டிக் உண்டு. அப்புறம், பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் ஆரம்பப் புள்ளியிலிருந்தே வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். எஃபெக்ட் கொடுக்கும் துணை மென்பொருளான ப்ளகின் நிரந்தரமில்லை. 2019-ல் மேக் ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் மென்பொருள் எதுவும் அதில் ஓடவில்லை. வேவ் எதிலும் திறக்கும். இரண்டு டிரைவில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ரெக்கார்டிங்கில் 'ங்ங்' சத்தம்

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறாக இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மைக்கை மாற்றப் போகாதீர்கள், நான் மாற்றினேன்.

மெத்தையில் லேப்டாப்

கூடாது.