ரன்செரா பாட: சுருதி முதல் மேடை வரை

மெக்சிகோவின் நாட்டுப்புறப் பாட்டு வகையான ரன்செராவைப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது சுருதியில். வயலின்கள், இரண்டு ட்ரம்பெட், விஹுவேலா என்ற சிறிய கிட்டார், சாதாரணக் கிட்டார், கிட்டாரோன் என்ற பெரிய பேஸ் கிட்டார் என முழு மரியாச்சி வாத்தியக் குழுவுக்கு மேலே உங்கள் குரல் நிற்க வேண்டும். சுருதி தப்பினால் மற்ற எதுவும் கைகொடுக்காது.

பாட்டின் உச்ச ஸ்வரம் வரும் அடியை மட்டும் எடுத்து, கள்ளக்குரல் (ஃபால்செட்டோ) கலக்காமல் ஐந்து முறை தொடர்ந்து பாடுங்கள். ஐந்தாவது முறை கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை இறக்குங்கள். மெக்சிகோ சிட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர வெராக்ரூஸிலிருந்து வருபவருக்கு முதல் சில நாள் அங்கே மூச்சு சீக்கிரம் தீரும். அதற்காக இன்னும் அரை ஸ்வரம் இறக்கிக்கொள்ளலாம். ஆண் பாடகரின் பாட்டைப் பெண் பாடும்போது அதே சுருதி அநேகமாகப் பொருந்தாது.

முடிவான சுருதியை ஸ்பானிஷில் மனப்பாடம் செய்யுங்கள்: 'சோல் மயோர்' (ஜி மேஜர்), 'ரே மயோர்' (டி மேஜர்) என்று. மெக்சிகோ சிட்டியில் மரியாச்சிக் குழுக்கள் கூடும் கரிபால்டி சதுக்கத்தில் யாரும் உங்களோடு ஒத்திகை பார்க்கப்போவதில்லை. சுருதியையும் தாளத்தையும் சொன்னதும் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். தாளம் மூன்று வகை: 3/4 வால்ஸ், 2/4 போல்கா, நிதானமான 4/4 பொலேரோ. வால்ஸில் கிட்டாரோன் முதல் எண்ணில் விழும். விஹுவேலா இரண்டிலும் மூன்றிலும் பதில் சொல்லும். உங்கள் கால் கிட்டாரோனோடு இருக்கட்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். உணர்ச்சி மேலிட்டு எல்லா வார்த்தையையும் இழுத்தால் விஹுவேலாக்காரர் உங்களுக்காகக் காத்திருப்பார், குழு முழுவதும் தொய்ந்துவிடும். அடியின் நடுவில் இழுங்கள். கடைசி வார்த்தை கிட்டாரோனோடு வந்து விழட்டும். தாளத்தையே நிறுத்திப் பிடிக்கும் 'கால்டெரோன்' எந்த இடத்தில், எந்தக் கையசைவில் முடியும் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு அடிகளுக்கு நடுவே ட்ரம்பெட்டும் வயலினும் பதில் வாசிக்கும் இடம் நீங்கள் மூச்சு எடுக்கும் இடம். அதன் மேல் பாடாதீர்கள்.

'க்ரிதோ' என்ற கூவலும் அந்த இடைவெளிக்குரியதுதான். அது வயிற்றிலிருந்து எழ வேண்டும்; தொண்டையில் எழுப்பினால் அடுத்த சரணத்திலேயே குரல் கரகரக்கும். கள்ளக்குரலுக்கு இடம் முக்கியமாக வாபாங்கோ என்ற பாட்டு வகையில். பாடகர் மிகெல் அசேவெஸ் மெஹியாவின் பதிவுகளே அதற்குப் பாடம். மேல் ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லாமல் ஒரே தாவலாகத் தாவுங்கள். தாவும்போது குரல் உடைந்தால் காற்றை அதிகமாகத் தள்ளுகிறீர்கள் என்று பொருள்.

ரன்செரா பாடகி லூச்சா ரேயெஸின் முரட்டுக் குரலை நகலெடுக்க வேண்டாம். ஐரோப்பியப் பயணத்தில் குரல் கெட்டு, மீண்டு வந்தபின் அமைந்த குரல் அது. அவருடைய வீரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கரகரப்பை விட்டுவிடுங்கள். பாடகர் ஹோர்கே நெக்ரெதே ஓபரா பயிற்சி பெற்றவர். இன்னொரு பாடகர் பெத்ரோ இன்ஃபாந்தே பேசுவதுபோல் மென்மையாகப் பாடியவர். இருவரையும் கேட்டு, உங்கள் குரல் எந்தப் பக்கம் சாய்கிறதென்று பாருங்கள். பாடலாசிரியர் ஹொசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸின் பாடல்களைப் பாடுமுன் வரிகளை வெறும் பேச்சாகச் சொல்லிப் பழகுங்கள். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாதவர் அவர். வார்த்தைதான் அவர் பாட்டின் முதுகெலும்பு. விம்மல் ஒரு பாட்டில் ஒரே ஒரு முறை, கடைசிச் சரணத்தில் போதும்.

மேடையில் அணியும் சார்ரோ உடையை (மெக்சிகோக் குதிரைவீரர் உடை) தைக்கும்போது முழு மூச்சு இழுத்து நின்று இடுப்பளவு கொடுங்கள். கழுத்தில் கட்டும் 'மோன்யோ' என்ற பட்டை இரண்டு விரல் நுழையுமளவு தளர்ந்திருக்கட்டும். அகன்ற விளிம்புள்ள சொம்ப்ரேரோ தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு மைக்கில் இடிக்கும்.

வேலை குவிவது மே 10 அன்னையர் தினத்திலும் டிசம்பர் 12 குவாதலூபே அன்னை விழாவிலும்தான். அதற்குள் வால்ஸ், போல்கா, பொலேரோ மூன்றிலும் கேட்டவுடன் பாடப் பாட்டுகள் தயாராக இருக்க வேண்டும். திருவிழாக்களில் சேவல் சண்டையும் பாட்டுக் கச்சேரியும் நடக்கும் பலேன்கே அரங்கின் மேடை வட்டமானது, சுற்றிலும் ஜனங்கள். ஒவ்வொரு சரணத்தையும் ஒவ்வொரு பக்கம் திரும்பிப் பாடுங்கள். கால்டெரோன் வரும்போது மட்டும் குழுவின் பார்வைக்குள் திரும்பி வந்துவிடுங்கள்.