ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளை ரைபிள் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்பே (குறி பார்க்கும் தொலைநோக்கி) கிடையாது, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட்தான், ஆகவே போட்டிதான் குறி என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

சும்மா அட்டையில் சுட்டுப் பழகத்தான் என்றால் சரி, 4x32 போதும். 4 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 32 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைத்திருப்பார்கள். 10 மீட்டரில் படம் மங்கும், குறியும் நகரும். அதனால் ஃபோகஸ் வளையத்தை 10 கெஜம் வரை இறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

சோதிக்க நம்ம செட்டிநாட்டு வீட்டைவிட நல்ல இடம் ஏது? துப்பாக்கியில் மாட்டாமல், ஸ்கோப்பை மட்டும் முகப்பில் ஒரு தலையணை மேல் வைத்து, வளவு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக் கதவின் குமிழைப் பாருங்கள். கண்ணை மட்டும் கொஞ்சம் இப்படி அப்படி அசைத்தால் குறுக்குக்கோடு குமிழை விட்டு ஓடுகிறதா? வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்துவிட்டு உடனே முன்னாலும் இழுக்கும், சாதாரண ஸ்கோப் அதில் சீக்கிரம் உடையும், ஏர் ரைபிளுக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குங்கள். .22 தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் உதை குறைவு, அங்கே சிவப்புப் புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் ரெட் டாட்டே வசதி, லைசென்ஸ் சமாச்சாரம்தான் தனித் தலைவலி.

வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகளைப் பார்க்கத்தான் என்றால் ஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வாங்குங்கள்.