எண்ணெய் தேங்கிய துளை

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் உள்ள எங்கள் வயலிலிருந்து காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தோடு நாங்கள் வைத்திருக்கும், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, என் தாத்தா காலத்தில் மிளா வேட்டைக்குப் போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தக் கதை முடிந்தது. இப்போது வெறும் ஓசைக்குத்தான்.

சென்ற ஐப்பசியில் அந்த ஓசையும் நின்றது. சுத்தியல் அடித்ததும் பொறி தரும் சிறு வெடிமூடியான கேப்பு வெடித்தது, குழலுக்குள் இருந்த கரிமருந்து பற்றவில்லை. மருந்து தாமதமாகவும் பற்றக்கூடும் என்பதால், குழலை ஆளில்லாத திசையிலேயே ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பிடித்திருந்துவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்து, திருகுமுனைக் கம்பியால் நார் அடைப்பை இழுத்தெடுத்தேன்.

அடைமழையில் மருந்து நமுத்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். ஆனால் புது மருந்தும் பற்றவில்லை. கேப்பு உட்காரும் குமிழைக் கழற்றியபோதுதான், பொறியைக் குழலுக்குள் கடத்தும் அதன் துளையில் பழைய கரியும் எண்ணெயும் கலந்து தார்போல் இறுகியிருந்தது தெரிந்தது. தவறு என்னுடையதே: தாராளமாக எண்ணெய் பூசி, குழல்வாய் மேலிருக்கச் சுவரில் சாத்தியதால், மாதக்கணக்கில் அது வழிந்து அடியில் தேங்கியிருக்கிறது.

கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். நல்லவேளையாக அது தண்ணீரில் கரையும். கொதிநீரால் மூன்று முறை கழுவி, துளையை ஊசியால் குத்தி, குழலின் சூடே அதை உலர்த்தியபின் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தேன். இப்போது துப்பாக்கியைக் குழல்வாய் கீழிருக்கப் பழந்துணிமேல் வைக்கிறேன். மருந்து கெட்டிக்கும் முன், வெறும் கேப்பு ஒன்றை வெடித்து, குழல்வாய்க்கு எதிரே உள்ள புல் அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைந்தால் துளை திறந்திருக்கிறது.