காளான் பதிவு செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஐப்பசி மழை விழுந்ததும் திருகோணமலையில் காளான் தேடிப் புறப்படும் இளையவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கன்னியாப் பக்கம், தம்பலகாமத்து வயற்கரை, கிண்ணியாக் கண்டல் என்று எங்கும் போகிறார்கள். நல்ல விடயம். உலகில் 22 முதல் 38 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது 2017 மதிப்பீடு. பெயர் பெற்றவை ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச்சில் இருந்தவையோ வெறும் 1,300. அவற்றிலும் 411க்குக் குறையாதவை ஆபத்தில் இருக்கின்றன. இவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்பப் போகிறவர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. நஞ்சு, பாம்பு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

பொலித்தீன் பை

அழுகிவிடும். கடதாசிப் பை கொண்டுபோங்கள்.

தொலைபேசி சொன்ன பெயரை அப்படியே எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. போன மாரியில் ஒரு மாணவி மருத மரத்தின் அடியில் பளபளப்பான செம்பழுப்புத் தட்டுக்காளான் ஒன்றைக் கண்டாள். செயலி ‘கனோடெர்மா லூசிடம்’ என்றது. பெயர்தான் கிடைத்துவிட்டதே என்று மாதிரியை வேலியோரம் எறிந்துவிட்டாள். அப்புறம் வீதி அகலிப்பில் மரமும் போனது. மிஞ்சியிருப்பது மேற்பக்கப் படம் ஒன்றும், நம்ப முடியாத ஒரு பெயரும்தான்.

லூசிடம் என்பது 1781இல் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்த பெயர். ஆசியாவில் பளபளத்ததற்கெல்லாம் அதையே சூட்டிவந்தார்கள். சீனாவில் மருந்துக்காக வளர்க்கும் காளான் வேறு இனம் என்று தெரிந்து, ‘கனோடெர்மா லிங்ஜி’ என்ற தனிப்பெயர் கிடைத்தது 2012இல்தான். சந்தையில் விற்கிற காளானுக்கே இந்தக் கதி என்றால் தம்பலகாமத்து மருத மரத்துக் காளானை யார் கண்டார்?

செயலி தனக்குத் தெரிந்த படங்களுக்குள்தான் தேடும். நம்மூர்க் காளான் அதில் இல்லாவிட்டால் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற ஒன்றைச் சொல்லிவிடும். அந்தப் பெயர் தரவுத்தளத்தில் ஏறினால் ஐரோப்பிய இனம் இங்கேயும் செழிப்பாக இருப்பதாகக் கணக்காகும். நம்முடையது கணக்கிலேயே வராது. ஓர் இனம் எங்கெங்கே இருக்கிறது, குறைகிறதா என்று பார்த்துத்தான் சிவப்புப் பட்டியல் மதிப்பீடே நடக்கிறது. கணக்கில் இல்லாத காளானுக்காக எந்த வீதியும் வளைந்து போகாது.

ஆகவே ‘கனோடெர்மா வகையில் ஒன்று’ என்று எழுதி நிறுத்துங்கள். அது குறைவான பதிவு அல்ல, நேர்மையான பதிவு. மாதிரியை அன்றைக்கே 40 பாகை செல்சியஸ் அளவில் காயவையுங்கள். வெயில் இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே உயரத்தில் வைக்கலாம். திகதி, இடம், எந்த மரம், உயிருள்ளதா பட்டதா என்று எழுதிக் கூடவே போடுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவைட்ஸ் அனுப்பிய உலர்ந்த மாதிரிகளைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் பூஞ்சையியலாளர்கள் பெர்க்லியும் புரூமும் 1870களில் இலங்கைக் காளான்களுக்குப் பெயர் வைத்தார்கள். அந்த மாதிரிகளை இன்றும் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் எடுத்து ஒப்பிடலாம். வெறும் படத்தை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது.

மண்மட்டத்தில் வெட்டுவது

புற்றுக்காளானின் வேர்போன்ற பகுதி கறையான் புற்றுக்குள் நெடுந்தூரம் இறங்கும். வேறு சிலவற்றுக்கு அடியில் உறை இருக்கும். அடையாளமே அங்கேதான். கத்தியால் சுற்றித் தோண்டி எடுங்கள். அடிப்பக்கத்தையும் படம் பிடியுங்கள்.

காணவில்லை என்பதை ‘இல்லை’ என்று எழுதுவது

குடையாகத் தெரிவது வித்தி விடும் பகுதி மட்டுமே. பூஞ்சையின் உடல் இழைகளாக மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் கிடக்கிறது. சித்திரை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு ஓரிடத்தை வெறுமை என்று குறித்தால், அந்தக் காட்டை வெட்ட வருகிறவருக்கு நீங்களே சான்று எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும். ‘இன்ன திகதியில் காணவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள். மழைக்குப் பிறகு அதே இடத்துக்கு மறுபடி போங்கள். அங்கே விறகு பொறுக்கும் அம்மாக்களிடம் கேளுங்கள். எந்தப் புற்றில் எப்போது முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அனுமதி

வனசீவராசிகள், வனத் திணைக்களங்களின் காணிகளில் மாதிரி எடுக்க முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.